கண்மாய்க்கரையில் ஒரு பத்தாயிரம் வாலா

பறவைகளைக் காப்பாற்றும் விழாவைப் பத்தாயிரம் வாலா கொளுத்தித் தொடங்கிவைத்த ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சிவகாசிக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. காதுகுத்து, கடைதிறப்பு, தலைவர் வருகை, கடைசி ஊர்வலம் என்று எதையுமே நாங்கள் வெடி இல்லாமல் நடத்தியதில்லை.

விழா நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு கண்மாய். அதற்கு இரண்டு வருடம் முன்புவரை, அச்சகங்களில் வெட்டிக் கழித்த காகிதமும் மை டப்பாக்களும் கோழிக்கடைக் கழிவும் அதன் கரையில் மலையாகக் குவிந்து கிடக்கும். தண்ணீர் சில நாள் சிவப்பாக இருக்கும், சில நாள் நீலமாக இருக்கும். காலண்டர் சீசன் வந்துவிட்டதா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் குப்பைக்கு நடுவே இரண்டு நாரைகள் வந்து நின்றன. அதைப் பார்த்தது என் அத்தை. அப்பாவின் அக்கா. அவர் வேலை பார்த்த அச்சகத்தில் பைண்டிங் பகுதி முழுக்க அத்தையின் அதிகாரத்தில் இருந்தது.

“விருந்தாளிய இப்படியா குப்பையில நிப்பாட்டுறது?” என்று தெருவையே கேட்டார்.

அடுத்த ஞாயிறு தொடங்கியது குப்பை அள்ளும் வேலை. அத்தை வருகிறார் என்று தெரிந்தால் ஆண்கள் கொல்லைப்புறமாக நழுவப் பார்ப்பார்கள். அத்தை கொல்லைப்புறத்தில்தான் நிற்பார், கையில் மண்வெட்டியோடு. இரண்டு வருடம் இப்படி ஓடியது. அச்சகக்காரர்களிடம் மன்றாடியும் சண்டை போட்டும் கழிவைக் கண்மாய்க்கு வரவிடாமல் செய்தார். தண்ணீர் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. கண்மாயின் நடுவே இருந்த கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டின. எங்கள் தெரு ஆட்களுக்கு ஏதோ சொந்தத்தில் பிள்ளை பிறந்த மாதிரி பெருமை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் பலகை திறப்பதாக முடிவானது. ‘பறவைகள் கூடு கட்டும் இடம். சத்தம் போடாதீர்கள்’ என்று அத்தையே நின்று அச்சடித்து வாங்கியிருந்தார். கரையோரம் ஒரு அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. என் கண் முழுக்க அதில்தான்.

பட்டாசுக்கடை வைத்திருந்த சித்தப்பா, தன் பங்குக்குப் பத்தாயிரம் வாலா ஒன்றைக் கொண்டுவந்து கரை நெடுக விரித்தார். ஊதுபத்தியை அத்தையிடம் நீட்டினார்.

“அக்கா, இம்புட்டும் உங்க உழைப்பு. நீங்கதான் பத்த வைக்கணும்.”

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, பலகையைப் படித்துக்கொண்டிருந்த வாத்தியார்கூடச் சொல்லவில்லை. அத்தை சந்தோஷத்தில் முகம் சிவக்கக் குனிந்து பற்றவைத்தார்.

வாலா முக்கால்வாசி வெடித்த பிறகுதான் அத்தை மரங்களைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை நாரைகளும் ஒரே நேரத்தில் எழும்பி, வெம்பக்கோட்டைப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. வெடியை நடுவில் நிறுத்த முடியாது. கடைசிச் சரம் தீரும்வரை அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

புகை அடங்கியதும் காகங்கள் வந்தன. கூடுகளில் முட்டையும் குஞ்சும் இருந்தன.

சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்மாய்க்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் வெள்ளை வேட்டி மிதக்க, துண்டைச் சுழற்றிக் காகங்களை விரட்டினார். வாயைத் திறந்து விரட்டவும் பயம், ஏற்கெனவே போட்ட சத்தம் போதாதா. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. வேறு யாரும் சிரிக்கவில்லை.

“பாவி, நானே பத்த வச்சேனே” என்றார் அத்தை.

அரை மணி நேரம் கழித்து ஒரு நாரை திரும்பி வந்து கூட்டில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொரு கூடாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். பொங்கல் ஆறி இறுகிவிட்டது. அண்டாவின் பக்கம் யாரும் போகவில்லை.

வெளிச்சம் மங்கும்போது எல்லாக் கூட்டிலும் பறவை இருந்தது, ஒன்றைத் தவிர.

“வீட்டுக்குப் போவம்மா, பசிக்குது” என்று அம்மாவின் சேலையை இழுத்தேன்.

“இரு. இன்னும் ஒண்ணு வரணும்.”

“அம்புட்டும் வந்துருச்சேம்மா. ஒண்ணுதானே!”

அம்மா என்னை அறைந்தார். அதற்கு முன் என் மேல் கை வைத்ததே இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் அறை வாங்கியதில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரும் ஏன் அடித்தாய் என்று அம்மாவைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அப்பாகூட என்னைத் தூக்காமல், அம்மாவின் தோளில் கை வைத்தார். நான் அழுதுகொண்டே போய்ப் பொங்கலைத் தின்றேன்.

அந்தக் கடைசி நாரை அன்று வரவில்லை. மறுநாள் காலையில் அத்தை போய்ப் பார்த்தபோது அந்தக் கூட்டைக் காகங்கள் காலி செய்திருந்தன. அதன் பிறகு இன்றுவரை கண்மாய்ப் பக்கம், தீபாவளிக்குக்கூட, எங்கள் தெருவில் ஒரு சீனி வெடி வெடித்ததில்லை. சித்தப்பாவே முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொள்கிறார்.

அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். எங்காவது கம்பெனி வெடிக்கிற கெட்ட சத்தம் கேட்ட நாட்களில் அம்மா தெருமுக்குக்குப் போய் நிற்பார் என்பதும், கம்பெனி வேன் வந்ததும் இறங்குகிற தலைகளை எண்ணுவார் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. ஒண்ணுதானே என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பெண்களிடம் சொல்லக்கூடாது என்று பத்து வயதில் எனக்கு யார் சொல்லித் தந்திருக்க முடியும்?