மெட்ராஸ் ஐ சீசனில் ஒரு பெண் பார்க்கும் படலம்

நாவலூரைத் தாண்டி இருக்கிற ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாசலில், போன ஞாயிற்றுக்கிழமை என் நெற்றிக்கு நேராக ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார். அது ‘பீப்’ என்றது. "போங்க சார்" என்றார். காய்ச்சல் இல்லை என்று ஒருவர் சான்றிதழ் கொடுத்து உள்ளே அனுப்புவதில் இவ்வளவு பெருமை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பல மாதம் மூடிக் கிடந்துவிட்டு அந்த வாரம்தான் திறந்திருந்தார்கள். பாதிக் கூட்டத்துக்குத்தான் அனுமதி. முகக்கவசம் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். தண்ணீர் விளையாட்டு எதுவும் கிடையாது. என் மகள் போனில் முன்பதிவு செய்து என்னையும் அக்காவையும் இழுத்து வந்திருந்தாள். இந்தக் கொரோனா காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தோம். அதை மாற்றலாம் என்பது அவள் எண்ணம்.

கையில் சானிடைசரைப் பீய்ச்சினார்கள். மூக்கில் ஏறிய அந்த நெடிக்குப் பின்னாலேயே பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. உண்மையில் வந்ததா, நானே வரவழைத்துக்கொண்டேனா தெரியவில்லை. மூக்குக்கு வயதாகிவிட்டால் அது இப்படித்தான் இஷ்டத்துக்கு வேலை பார்க்கும்.

தொண்ணூறுகளில் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா இருந்தது. பெயர் வேண்டாம். ஒரு ஜெயன்ட் வீல், ஒரு பொம்மை ரயில், சறுக்கு மரம் வைத்த ஒரு நீச்சல் குளம், மிளகாய் பஜ்ஜி போடும் ஒரு கடை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை, அப்பா யாரையோ பிடித்து அங்கே சேர்த்துவிட்டார். கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை. என் பட்டத்துக்கும் அந்த வேலைக்கும் இருந்த ஒரே சம்பந்தம் இரண்டும் காகிதம் என்பதுதான். அம்மா மட்டும் எங்கள் சேலையூர் காலனியில் "அட்மினிஸ்ட்ரேஷன்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அட்மினிஸ்ட்ரேஷனால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இலவச பாஸ். அதைத்தான் அக்காவின் கல்யாண விஷயத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

அக்கா அப்போது கேம்ப் ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள். எவரும் போடவில்லை. ஒவ்வொரு முறையும் காலனியில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்று பிறகு கோயிலுக்கு மாற்றினார்கள். தற்செயலாகச் சந்தித்த மாதிரி பிரகாரத்தில் நிற்க வேண்டும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதாகக் கணக்கு. இரண்டு கோயில் ஆன பிறகு அக்கா சொன்னாள், "இனிமே கோயில்ல நிக்க மாட்டேன்பா. சாமி கும்பிடப் போனா சாமிதான் கும்பிடுவேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அப்பா பதிலுக்கு உயர்த்தியிருப்பார், விஷயம் முடிந்திருக்கும்.

அப்போதுதான் ஊரப்பாக்கத்து வரன் வந்தது. அந்த ஊர்க்காரர்களே. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்கள். பையன் பெயர் பாஸ்கர், கடையைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய போட்டோ வந்தபோது அக்கா அதை இரண்டு தடவை பார்த்தாள். முன்னால் வந்த போட்டோ எதையும் அவள் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டு என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கிசுகிசுத்தாள், "இது நடந்துடணும்டா." எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஒரு வரியையே அவரவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். பூங்காவில் பார்க்கலாம் என்று நாள் குறித்தார்கள்.

அந்த நாளுக்கு முன்னால் மெட்ராஸ் ஐ வந்துவிட்டது.

இப்போதும் வருகிறது, ஆனால் அந்த வருஷம் வந்தது மாதிரி இல்லை. மழை விட்டு வெயில் காய்ந்ததும் வந்தது. கண் சிவந்து, நீர் வடிந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு எழ முடியாது. தாம்பரம் பஸ்ஸில் ஏறினால் டிரைவரிலிருந்து கீரைக்காரம்மா வரைக்கும் கறுப்புக் கண்ணாடி. எங்கள் தெருவில் எந்த நந்தியாவட்டைச் செடியிலும் பூ மிஞ்சவில்லை, எல்லாம் யாராவது ஒருவர் கண்மேல் இருந்தது. கண் வந்தவரின் கண்ணை நேராகப் பார்த்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினார்கள். கடன் வாங்கியவர்களுக்குத் தலையைத் திருப்பிக்கொள்ள நல்ல சாக்கு கிடைத்தது.

எங்கள் பூங்காவுக்கு சுற்றுலா வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கண் சிவந்து படுத்தார்கள். நீச்சல் குளம்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார், குளத்து நீரைப் பார்த்தார், கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போனார். பெண் பார்க்கும் நாள் தள்ளிப்போனது. வேறு இடம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். ஒரு தடவை ஒரு இடம் சொன்னால் மாற்றக் கூடாது, சகுனம் சரியிருக்காது என்று பாஸ்கரின் அம்மா பதில் அனுப்பினார். அதனால் அந்தப் பூங்கா எப்போது திறக்கும் என்று உலகத்திலேயே அதிகக் கவலைப்பட்டது அதன் முதலாளி அல்ல, எங்கள் அம்மாதான். நான் தினமும் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியோடு ஜெயன்ட் வீல் கம்பிகளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு ஏதாவது சொன்னாங்களா?" என்பாள்.

கடைசியில் திறந்தார்கள். குளத்தை வற்ற விட்டிருந்தார்கள். ஜெயன்ட் வீலில் ஒரு தொட்டிலில் ஆள், அடுத்த தொட்டில் காலி. ஒரே நேரத்தில் நிறையப் பேரை உள்ளே விடக் கூடாது. கேட்டில் பிலோமினா சிஸ்டர் என்று ஒரு நர்ஸை உட்கார வைத்தார்கள். வருகிறவர் தன் கையாலேயே கீழ் இமையை இழுத்துக் காட்ட வேண்டும், சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். சிவந்திருந்தால் திரும்ப வேண்டியதுதான். கறுப்புக் கண்ணாடியோடு வருகிறவர்கள் கழற்ற வேண்டும். ஆனால் கேட்டில் வேலை பார்த்த எங்களுக்கு மட்டும் மேனேஜர் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தார். "நீங்கல்லாம் மாட்டிகினு நிக்கிறீங்க, நாங்க மட்டும் கழட்டணுமா? இன்னா நியாயம் இது?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான்.

நானும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிஸ்டரிடம் கேட்டேன், "பாத்தா ஒட்டிக்குமா சிஸ்டர்?"

"பாத்தால்லாம் வராதுப்பா. அந்தக் கண்ணைத் தொட்ட கை, தொட்ட துணி, அதுலதான் வரும்" என்றார்.

அக்காவும் அப்பாவும் முன்னாலேயே வந்து உள்ளே பொம்மை ரயில் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பாஸ்கர் அவருடைய அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"கண்ணாடியைக் கழட்டுங்க சார்" என்றார் சிஸ்டர்.

கழற்றினார். இரண்டு கண்ணும் செக்கச் செவேல். நேற்று ராத்திரிதான் ஆரம்பித்தது என்று தயக்கத்தோடு சொன்னார். நாள் மாற்றினால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் கண்ணாடி போட்டு வந்திருக்கிறார்.

"சாரி சார். இன்னிக்கு உள்ள விட முடியாது."

"இன்னாம்மா பேசற நீ? நல்ல காரியத்துக்கு வந்துகீறோம், வாசல்ல நிக்க வெச்சுத் திருப்புறியே?" என்றார் பாஸ்கரின் அம்மா.

நான் சிஸ்டரின் காதருகே குனிந்து, "எனக்கு மச்சானா வரப்போறவர் சிஸ்டர்" என்றேன்.

"வரட்டும். கண்ணு வெளுத்ததும் வரட்டும்" என்றார் அவர்.

மேனேஜர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார், ஆனால் விடவில்லை. விட்டால் மறுபடி பூட்டிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பாஸ்கரின் அம்மா திரும்பி நடந்து, ரோட்டோரம் பஸ் ஸ்டாப் நிழலில் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் கம்பி வேலி இருந்தது. "தம்பி வெளியே நிக்கட்டும், இவ உள்ளே நிக்கட்டும். ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும். கண்ணை மட்டும் பாக்காதம்மா" என்றார். பெண் பார்க்கும் இடத்தில் பார்க்காதே என்று சொன்ன முதல் தகப்பனார் எங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். அக்கா தலையாட்டிவிட்டு வேலிப் பக்கம் போனாள். அப்பா என்னைக் கொஞ்ச தூரத்தில் காவலுக்கு நிற்க வைத்துவிட்டு, பாஸ்கரின் அம்மாவைச் சமாதானப்படுத்தப் போனார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்கர் பொம்மை ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஃபர்ஸ்ட் வேகமா வருமா, அக்யூரேட்டா வருமா, டைப்பிங்?" என்று அவர் கேட்டதும், அக்கா லேசாகச் சிரித்ததும் எனக்குக் கேட்டது. அதற்குள் கேட்டில் கூட்டம் சேர்ந்து மேனேஜர் விசில் அடித்தார். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அக்கா மட்டும் நின்றிருந்தாள்.

இரண்டு நாளில் அக்காவுக்குக் கண் வந்துவிட்டது.

"அப்பா அத்தனை தடவை சொன்னாரே, பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேம்மா."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பிடித்துப்போய்த்தான் பார்த்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நான் பிலோமினா சிஸ்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். பார்த்தால் வராது, தொட்டால்தான் வரும். கேட்டிலேயே நின்ற எனக்கு அந்த சீசன் முழுக்க வரவில்லை, வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அப்படியானால் அக்கா எதைத் தொட்டாள்? ஒரு தம்பி கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. கேட்கவில்லை.

வரன் கொண்டுவந்த தரகர் வந்த அன்று அக்கா இரண்டு கண்ணிலும் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தாள். வாசலிலேயே தடை ஆகிவிட்டது, இந்த இடம் வேண்டாம் என்று அந்தம்மா சொல்லிவிட்டதாகத் தரகர் சொன்னார். அம்மா அழுதாள். அப்பா விசிறியை எடுத்து யாருக்கென்று இல்லாமல் விசிறினார். அக்கா பூவை எடுக்காமலே "சரி" என்றாள். எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போய் டிக்கெட் கிழித்தேன்.

அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன. பிறகு குறைந்தன. ஒரு வருஷம் யாரும் வரவில்லை, நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடி அங்கே செல்போன் கடை வந்தது. பூங்காவை விற்று, ஜெயன்ட் வீலை எடைக்குப் போட்டு, இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தியபோது பாஸ்கரின் கடையும் போயிற்று. அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாவலூர்ப் பூங்காவில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி தள்ளி, நானும் அக்காவும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தோம். மகள் எங்கோ உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்கா திடீரென்று, "அன்னிக்கு அவருக்குக் கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்திச்சுடா" என்றாள்.

"யாருக்கு?"

"பாஸ்கருக்கு." இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "கர்ச்சீஃப் கொண்டு வரல போல. சட்டைக் கையால தொடச்சுக்கிட்டே இருந்தார். வேலி சந்துல என் தலைப்பை நீட்டினேன். தொடச்சுக்கிட்டார். எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா எங்கம்மா திரும்பி நடந்துட்டாங்க, இனி ஒத்துக்க மாட்டாங்கன்னு சொன்னார்."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பஸ்ல வரும்போது அப்பா பாக்காம நானும் அதே தலைப்புல தொடச்சுக்கிட்டேன். அதான் கண்ணு வந்துச்சு."

எனக்குள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இந்தக் கொரோனாவில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள், எதற்கும் அழ வரவில்லை. இதற்கும் வரவில்லை. எதையாவது கேட்க வேண்டுமே என்று, "அந்தப் புடவை என்னாச்சு?" என்றேன்.

"தொத்துன்னு அம்மா சோடா உப்பு போட்டு வெந்நீர்ல அவிச்சாங்க. சாயம் போயிடுச்சு. கிழிச்சுத் தொடைக்கிற துணியாக்கிட்டாங்க. அந்தத் தலைப்புத் துண்டை நீதான் சைக்கிள் தொடைக்க எடுத்துக்கிட்டுப் போன. பச்சையில மாங்கா பார்டர்."

சைக்கிள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கறுப்பு நிறம், பின்னால் கேரியர், இடது பெடலில் ரப்பர் கிடையாது. தினமும் காலையில் துடைப்பேன். எந்தத் துணியால் துடைத்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.