உப்புக் கொட்டகை விறகு

மரக்காணத்து உப்பளத்தில் தீப்பெட்டியை நம்பினால் டீ குடித்த மாதிரிதான். காலையில் வாங்கிய பெட்டி மத்தியானத்துக்குள் நமுத்துப் போய், குச்சியின் மருந்து விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். பீடி பிடிக்கும் ஆண்கள் தீப்பெட்டிக் கம்பெனிக்காரனின் குடும்பத்தையே திட்டுவார்கள். அம்சவல்லி திட்டவில்லை, வேறு வழி பார்த்தாள். பாத்திரம் தேய்க்கிற மெல்லிய இரும்பு நாரைப் பஞ்சுபோலப் பிரித்து, டார்ச் பேட்டரியின் இரண்டு முனையிலும் படவைப்பாள். நார் சிவந்து கனியும். அதைக் காய்ந்த சவுக்கு ஊசிக்குள் பொத்திவைத்து ஊதினால் தீ எழுந்துவிடும். நல்ல வெயில் நாளாக இருந்தால் பேட்டரியும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சப் புள்ளியைக் கரித்துணியில் விழவைப்பாள். புகை வரும்வரை கை ஆடாது.

ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கினால் மூன்று நான்கு மாதம் வேலை கிடையாது. அந்த நாட்களில் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் வெற்றிச்செல்வன் என்பவர் நடத்தும் டென்ட் கேம்ப்புக்குப் பெருக்கிக் கூட்டப் போவாள். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஐ.டி. பிள்ளைகள் ஈர விறகின் முன்னால் லைட்டரை அழுத்தி அழுத்திச் சோர்ந்து நின்றார்கள். அம்சவல்லி துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய், அவர்கள் தின்றுகொண்டிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கினாள்.

"எண்ணெயில முக்கி எடுத்ததுதானே, எரியாம எங்க போவும்?"

எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. மறுநாள் முதல் அவள் பெருக்க வேண்டியதில்லை, கேம்ப்ஃபயர் அம்மாவாகிவிட்டாள்.

அவள் கணவர் தட்சணாமூர்த்திக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். டீக்கடையில் மட்டும், "எம்பொண்டாட்டி கடலுக்கு உள்ளாறகூட அடுப்பு மூட்டுவா" என்று அளப்பார். பிள்ளை இல்லாத வீடு. ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருபத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

போன கார்த்திகையில், உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போடப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட உயிர் தங்கவில்லை.

மூன்று நாளாக அடை மழை. மறுநாள் காலை தட்சணாமூர்த்தியின் அண்ணன் பாலகுரு அவளிடம் வந்து குனிந்தார்.

"வெறகு எங்கயும் காயல அம்சா. என்னம்மா பண்றது?"

அவள் தலை தூக்காமலே சொன்னாள். "உப்புக் கொட்டகையில அவரு அடுக்கி வெச்சது இருக்குது மாமா. கூரைக்குக் கீழதான் கெடக்குது, நனைஞ்சிருக்காது."

மழை விட்ட நேரம் பார்த்து எடுத்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. தெருக்கோடிவரை போய், விழுந்து அழுதுவிட்டு, அம்சவல்லி குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு நிற்கும்போதே பைக் சத்தம் கேட்டது. கொள்ளி வைக்கப் போயிருந்த பாலகுருவின் மகன் கிருபாதான்.

"சித்தி, புடிக்க மாட்டேங்குது. நெய்யி, கற்பூரம் எல்லாம் ஆச்சு. கொஞ்சம் எரியுது, உஸ்ஸுன்னு அணைஞ்சிடுது. டயர் போட்டுரலாம்னு சொல்றாங்க."

"டயரா? அவர டயர்ல கொளுத்தறதா?" என்றவள், சட்டென்று நின்றாள். "எந்த வெறகு வெச்சீங்க?"

"கொட்டகையில இருந்ததுதான். நீங்கதானே சொன்னீங்க."

அம்சவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அது அடுப்புக்கான விறகே இல்லை. புயலில் சாய்ந்த சவுக்கை, வேலிக்கு நட்டால் கரையான் தொடாது என்று அவர்தான் உப்பு மூட்டைகளோடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தார். இரண்டு வருஷமாக உப்பைக் குடித்த கட்டை மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே இருந்தாலும் வேர்க்கும். உப்பளத்துக்காரர் யாரும் அதை அடுப்பில் வைக்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் தீ மூட்டியவள், புருஷனுக்கு மட்டும் எரியாத விறகைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறாள். தன் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கம்பக்கத்து வீடுகளின் அடுப்படிப் பரணில் இருந்த விறகையெல்லாம் கேட்டு வாங்கி வரச்சொல்லிக் கிருபாவை அனுப்பினாள். வீட்டிலிருந்து இரும்பு நாரும் டார்ச் பேட்டரியும் எடுத்தாள். சவரியம்மாள் கடையில் தொங்கிய சிப்ஸ் சரத்தை அப்படியே அறுத்துக்கொண்டாள். சவரியம்மாள் அழுதபடி இன்னொரு சரத்தையும் கழற்றிக் கொடுத்தாள்.

அவள் சுடுகாட்டுக்குள் வந்ததும் ஆண்கள் முணுமுணுத்தார்கள். "பொம்பள இங்க வரலாமா?" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார்.

பாலகுரு தம்பியின் முகத்தைப் பார்த்தார், ஓரமாகக் கிடந்த டயரைப் பார்த்தார். "வழி உடுங்கப்பா" என்றார்.

உப்புக் கட்டைகளை உருவிவிட்டு, கிருபா கொண்டுவந்த விறகை அடுக்கினார்கள். அம்சவல்லி கால்மாட்டில் உட்கார்ந்து, சிப்ஸைப் பிடி பிடியாக இடுக்குகளில் திணித்தாள். யாரும் சிரிக்கவில்லை. நாரைப் பிரித்துப் பேட்டரியில் வைத்தாள். சிவந்தது. குனிந்து ஊதினாள். தீ நாக்கு நீட்டி மேலேறியது.

மேலே அவருடைய கால்கள் இருந்தன. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெளுத்து வெடித்த பாதங்கள். தீ பெருவிரலைத் தொடப் போன நேரம், அம்சவல்லி வெறுங்கையால் அதைப் பட்பட்டென்று அடித்து அணைத்துவிட்டாள்.

"சுடும் மாமா. அவருக்குக் காலு சுடும்."

பாலகுரு அவள் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து குலுங்கி அழுதார். பிறகு மேலே பார்த்து, "வானம் கறுக்குது அம்சா" என்று மட்டும் சொன்னார்.

அவள் கொப்புளம் போட்ட கையால் மறுபடி நாரைப் பிரித்தாள். இந்தமுறை தீ மேலேறும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.