வேரில் குடியேறியவை

அக்கா கிளிவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. உள்ளே வாடிய மிளகாய்ச் செடிகள், வேரோடு பிடுங்கியவை, மண்ணைக்கூட உதறவில்லை. நான் வேலை செய்யும் ஆய்வுகூடம் துறைமுகத்துக்குப் போகிற தெருவில், மாடியில் இருக்கிறது. படியேறிய மூச்சு வாங்கலோடு பையை மேசையில் வைத்துவிட்டு, கப்பல் பார்க்க வந்தவளைப் போல யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸிலேயே அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இந்த முறையும் போச்சுது. நீ தந்த மருந்தை ஊத்தித்தான் நட்டனான்," என்றாள். பிறகு மெதுவாக, "குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில கதைச்சிட்டன். நீ ஒருக்கா வேரைப் பாத்துச் சொல்லு. அதுக்குப் பிறகு முடிவெடுக்கிறன்."

மருந்து என்று அவள் சொன்னது பற்றீரியாவை. அத்தான் இறந்த பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது அந்த மிளகாய்த் தோட்டம்தான். ஒரு போகத்தில் பூஞ்சணம் பிடித்துத் தோட்டமே வாட, வாடாமல் நின்ற ஒரேயொரு செடியின் வேரிலிருந்து நான் இந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தேன். பூஞ்சணத்தைக் கொல்லும் நஞ்சை அது தானாகவே செய்தது. போத்தலில் வளர்த்துக் கொடுத்தேன். அடுத்த போகம் மிளகாய் காய்த்துக் குலுங்கியது. அக்கா ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையடித்துத் திரிந்தாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு போகமும் வேரில் நன்றாகப் பிடித்திருந்த பற்றீரியாவையே திரும்ப எடுத்து வளர்த்தேன். விதைக்கு நல்ல காயைத்தானே எடுத்து வைப்போம்? யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். முதன்முதல் பிரித்ததைப் பிரிட்ஜில் வைத்திருந்தேன். மின்வெட்டுக் காலத்தில் அது செத்துப்போனது.

அன்று வேர்களைக் கழுவி, அந்த நீரைக் கண்ணாடித் தட்டுகளில் பூசி வைத்தேன். மகளை ஊரில் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்ததால், தட்டில் ஏதாவது முளைக்கும்வரை அக்கா என் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தங்கியிருந்தாள்.

தட்டுகளைத் திறந்தால் எங்கும் அவைதான். ஆனால் முன்பு கண்ட திரண்ட வெள்ளைப் பொட்டுகள் இல்லை. தட்டு முழுக்கப் பாலாடை போலப் படர்ந்து கிடந்தன. பக்கத்தில் பூஞ்சணத்தை வைத்துப் பார்த்தேன். அது கூச்சநாச்சமில்லாமல் அவற்றின் மேலேயே ஏறி வளர்ந்தது.

போன போகமே விளைச்சல் குறைந்ததால், வெளியூர் ஆய்வுகூடமொன்றுக்கு இந்தப் பற்றீரியாவில் கொஞ்சம் அனுப்பியிருந்தேன். அங்கிருந்து வந்த பதிலின் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்கியது. பற்றீரியா பெருகும்போது தன் டி.என்.ஏயைப் படியெடுக்கிறது, அப்போது வரும் பிழைகளைத் திருத்த அதனிடமே ஓர் ஏற்பாடு உண்டு. இவற்றில் அந்த ஏற்பாடே பழுதாகிவிட்டது. பிழைக்கு மேல் பிழையாகச் சேர்ந்ததில், ஏதோவொரு பிழை நஞ்சு செய்வதை நிறுத்தியிருக்கிறது. நஞ்சு செய்யும் பாரம் இறங்கியதும் அவை வேகமாக நகர்ந்து, வேரின் நுனிவரை போய் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டன. நஞ்சு செய்தவை பின்தங்கி இல்லாமலே போயின. நன்றாகப் பிடித்தவை என்று நான் தேடித் தேடி எடுத்ததும் இவற்றைத்தான். "மூதேவிகளே" என்று தட்டைப் பார்த்துத் திட்டினேன். திட்டி என்ன, அவற்றுக்குக் காதா இருக்கிறது.

என்னோடு ஆய்வுகூடத்துக்கு வந்திருந்த அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"வேரில அது இருக்குதோ?"

"ஓம் அக்கா. முந்தியைவிடக் கனக்க இருக்கு."

"அப்ப ஏன் மிளகாய்க் கண்டு செத்தது?"

"இருக்கு. ஆனா வேலை செய்யேல்ல."

"பழையபடி ஆக்கேலாதோ?"

"ஏலாது. பிழையைத் திருத்திறதே அதுக்குள்ள பழுதாப் போச்சுது. புதுசாத்தான் தேட வேணும். கிடைக்குமோ தெரியாது."

அவள் கதிரையில் அமர்ந்தாள். கோபித்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவள் கோபிக்கவில்லை.

"அடுத்த போகம் சரிவரும் எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லு. நான் போகேல்ல, நிக்கிறன்."

சொன்னால் நம்பிவிடுவாள் என்பதுதான் என் பயம். என்னிடம் இருந்ததெல்லாம் அந்தத் தட்டுகள்தான். ஒன்றுக்கும் உதவாதவளாக அவள் முன்னால் நின்றேன். வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"பிள்ளை என்னோட நிக்கட்டும், அக்கா."