காது மெஷின்காரரின் மனைவி

தெருவில் அவருக்குக் காது மெஷின்காரர் என்றுதான் பெயர். கடைவீதியில் ஒரு மாடிக் கடையில், காது மந்தமானவர்களுக்குச் சோதனை செய்து மெஷின் பொருத்துவது அவர் வேலை. பொருத்திய கையோடு, கூட வந்தவரைப் பார்த்து, "சாதாரணமா ஏதாவது பேசுங்க" என்பார். அங்கேதான் வேடிக்கை. மகனோ கணவனோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேக்குதா?" என்பார்கள். "கேக்குது" என்று பதில் வரும். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. நம் நாட்டு லட்சணம் அப்படி. வீட்டு மனிதர்களிடம் பாசமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார்கள்.

"இன்னிக்கும் ஒருத்தன், கேக்குதான்னுட்டு ஃபேனைப் பார்த்துக்கிட்டு உக்காந்துட்டான்" என்று சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

லீவுக்கு வந்திருந்த மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். "அப்பா, அம்மாவுக்குக் காது சரியா கேக்கல. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாங்க."

"போடி, என்கிட்ட நல்லாத்தானே பேசுறா."

"நீங்க என்ன கேப்பீங்கன்னு அவங்களுக்கு மனப்பாடம்ப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தார். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டியாச்சா. எல்லாவற்றுக்கும் "ஆச்சு" என்றால் போதும். அவர் சிரித்தால் கூடச் சிரித்தால் போதும். ஊரார் காதையெல்லாம் விளக்கடித்துப் பார்த்த மனிதர், வீட்டில் இருந்த காதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளைக் கடைக்கு அழைத்துப்போனார். இரண்டு காதும் பாதிக்கு மேல் போயிருந்தது. மெஷினைப் பொருத்திவிட்டு, கூட வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

இன்னும் ஏதோ வரும் என்று அவள் காத்திருந்தாள். அது அவருக்குத் தெரிந்தது. சுத்தமாக இருந்த மேசையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

வீடு வந்ததும் அவள் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். "வெளிய போகும்போது போட்டுக்கிறேங்க. வீட்டுல எதுக்கு, பேட்டரிதான் வீணாகும். நீங்க கேக்குறது எனக்குத் தெரியாதா?" குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சிக்கனத்துக்குத்தான் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். "நான் உன்னைக் கவனிக்கவே இல்லம்மா. தப்பு என் மேலதான்" என்றார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர் நிழல் சுவரில் விழுந்ததைப் பார்த்து, திரும்பாமலே அவள் பதில் சொன்னாள்.

"ஆச்சுங்க. மாத்திரை போட்டாச்சு."