வாளியைப் பார்க்கச் சொன்ன குரல்

சினிமா இயந்திரங்களைப் பற்றிப் படிப்பதிலும் படித்ததை நாலு பேருக்குச் சொல்வதிலும் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சீமையிலிருந்து கப்பலில் வரும் தொழில் பத்திரிகைகள் எங்கள் அலுவலகத்துக்குப் பழசாகித்தான் வந்து சேரும். துரைமார் புரட்டிப் போட்டதும் பாச்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். சுலபத்தில் தீப்பிடிக்காத பிலிம் வந்துவிட்டது, அகலமான திரை வரப் போகிறது என்று, மலாக்கா டவுன் தியேட்டர்களில் படம் ஓட்டுகிறவர்கள் கூடும் காப்பிக்கடையில் உட்கார்ந்து சொல்வேன். அவர்கள் விடமாட்டார்கள். "அண்ணே, இந்தக் கப்பல்ல என்ன மெஷின் வருது? படத்த அதுவே ஓட்டி அதுவே பாத்துக்குற மெஷின் வந்தா சொல்லுங்க, நாங்க வீட்டுக்குப் போயி தூங்குறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த செய்திக்குப் போய்விடுவேன்.

என் வேலை சினிமா வேனில். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்த் துப்பாக்கி எடுத்து, மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதிலிருந்து எங்கள் வேன் மலாக்கா மாநிலத்து ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் போகிறது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, மாலையில் கேட்டைப் பூட்டிவிடுகிற காலம் இது. உள்ளே திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டுவோம். பெரும்பாலும் இங்கிலீஷ் படங்கள். அவற்றின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து நான் தமிழில் கதை சொல்வேன்.

இந்தத் தொழிலில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. படம் தொடங்குமுன் "இது நடிப்பு" என்று சொல்லிவிட வேண்டும். பட்ட பிறகு வந்த புத்தி அது. லாரி மோதி ஒருவர் இறப்பதுபோல் ஒரு படம். சாலையில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எடுத்தது. அதைக் காட்டிய தோட்டத்தில் பெண்கள் அழுது, இறந்தவருடைய பெண்டாட்டியிடம் கொடுக்கும்படி ஒரு மூட்டை பழந்துணியை என் கையில் திணித்தார்கள். அதற்குப் பிறகு மைக்கைப் பிடித்ததும் முதலில் அதைத்தான் சொல்வேன். "இதுல செத்துப்போறவரு சாகல. படம் எடுத்து முடிஞ்சதும் எந்திரிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டாரு." கூட்டம் சிரிக்கும். சிரித்த பிறகு எதைக் காட்டினாலும் பயமில்லை.

ஒரே ஒரு படத்துக்கு நான் அதைச் சொல்லவில்லை.

காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று ஒரு படம் எடுக்க உத்தரவு வந்தது. சுங்கை ரம்பாய்க்கு அப்பால், ஜொகூர் எல்லையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் எடுப்பதாக முடிவானது. அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில்தான் என் மகள் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். பத்தொன்பது வயது. பள்ளிக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். ஊர் நிலைமைக்குப் பயந்து அவளை அங்கே அனுப்ப நான் முதலில் சம்மதிக்கவில்லை. அவள்தான் பிடிவாதமாகப் போனாள்.

அந்தச் சமயம்தான் நான் மாதக்கணக்காகப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்த இயந்திரம் எங்கள் பிரிவுக்கு வந்தது. ஒலிப்பதிவு நாடா. அதுவரை தோட்டத்தில் படம் மட்டும்தான் எடுப்போம். பேச்சைக் கோலாலம்பூரில் ஒரு அறைக்குள் வேறு யாராவது பேசிச் சேர்ப்பார்கள். வாயசைவு ஒரு பக்கம் போகும், செந்தமிழ் ஒரு பக்கம் போகும். பால் எடுக்க ரப்பர் மரத்தை வெட்டுகிற பெண் "அங்ஙனமே ஆகட்டும்" என்பாள். புது இயந்திரத்தை ஒரு பெட்டிபோலத் தூக்கிக்கொண்டு போகலாம். பழுப்பு நாடா சுழலும். பேசியது பேசியபடி, மூச்சு முதற்கொண்டு, அதில் பதியும். சரியாக இல்லாவிட்டால் அழித்துவிட்டு அதே நாடாவில் மறுபடி பதியலாம். இந்தக் கடைசி விஷயத்தைக் காப்பிக்கடையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

காட்சி சின்னதுதான். விடியலில் வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஒரு பெண் பால் வாளியின் அடியில், துணிக்குக் கீழே அரிசி வைத்திருக்கிறாள். வரிசையில் நிற்கிற இன்னொரு பெண் அதைக் காட்டிக்கொடுக்கிறாள். வாளி தூக்கி வர அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டுகிற ஒரு பெண் ஒப்புக்கொண்டார். நாலு பிள்ளைக்காரி, சிரித்த முகம். காமிராவைப் பார்க்காமல் நடக்க அவருக்கு இயல்பாகவே வந்தது. காட்டிக்கொடுக்கிற பெண்தான் கிடைக்கவில்லை. கறுப்பு மைக்கை முன்னால் நீட்டியதும் வந்தவர்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கோ இயந்திரம் தோற்றுவிடக் கூடாதே என்ற கவலை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டேன். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளோடு பேசிப் பேசி அவளுக்கு அந்தப் பேச்சு அப்படியே வந்திருந்தது.

"வேணாம்பா" என்றாள். "நான் இங்க இருக்கணும். வேற யாரையாச்சும் கூப்பிடுங்க."

"ஒரு தடவ சொல்லிப் பாரு. பிடிக்கலன்னா அழிச்சிடலாம். இது அழிக்கிற மெஷின்."

அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் ஒரு சேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். சோதனை செய்கிற பெண்ணைப் பார்த்து, கை காட்டாமல், கண்ணை மட்டும் திருப்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "யக்கா, அந்த வாளியையும் கொஞ்சம் பாருங்க லா."

ஹெட்போனில் அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஊர்ப் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்கிற அந்த 'லா'வை எந்த அறையிலும் உட்கார்ந்து யாரும் பேசிவிட முடியாது. பின்னால் ஒரு சேவல் கூவியதுகூடப் பதிந்திருந்தது. அழிக்கும்படி அவள் கேட்கவில்லை. வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை. நாடாவிலிருந்து ஒருமுறை பிலிமுக்கு ஏற்றிவிட்டால் பிறகு அழிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

படம் தயாரானதும் அந்தத் தோட்டத்திலேயே முதலில் காட்டினோம். மைக் என் கையில் இருந்தது. படம் தன் வாயாலேயே பேசட்டும், நாம் ஏன் நடுவில் என்று அதைப் பெட்டிமேல் வைத்துவிட்டேன். நடிப்பு என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த முகங்கள்தானே, எடுக்கும்போதே பாதித் தோட்டம் நின்று பார்த்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போயிருந்த மறுபாதியை நான் நினைக்கவில்லை. மகளின் குரல் திடலில் எழுந்தபோது கூட்டம் சிரிக்கவில்லை. அதையும் இயந்திரத்தின் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், அதே கேட்டில், காவலர்கள் படத்தில் வாளி தூக்கி வந்த பெண்ணை நிறுத்தினார்கள். படத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள். "சினிமாக்காரி வாளிய முதல்ல பாரு" என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னாராம். வாளிக்குள் ஒரு பொட்டலம் சோறு இருந்தது. பசி தாங்காத உடம்பு, வெயிலில் தின்ன எடுத்துப் போனார் என்று சிலர் சொன்னார்கள். வேறு மாதிரியும் சிலர் சொன்னார்கள். சமைத்த சோறாக இருந்தாலும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். லாரியில் ஏற்றிப் போனார்கள்.

அன்று மகள் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், கேட்டுப் பக்கமே போகவில்லை. ஆனால் அவள் குரல் காட்டிக்கொடுத்ததைத் தோட்டமே தன் காதால் கேட்டிருந்தது. தண்ணீர்க் குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்றது. பிள்ளைகள் வகுப்புக்கு வருவது குறைந்தது. பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு கைப்பிடி பச்சரிசி கொட்டிக் கிடந்தது.

அரிசிக்குப் பங்கீடு போட்டிருக்கிற காலத்தில் யாரும் அதைக் கைதவறிக் கொட்டமாட்டார்கள். வாய்க்கரிசி என்று சொல்ல வாய் தேவையில்லை.

பள்ளித் தலைமையாசிரியர் பஸ் பிடித்து பாச்சாங்குக்கு வந்து எனக்குச் செய்தி சொன்னார். நான் போனபோது அந்த அரிசியை அவள் கூட்டவில்லை. அதைத் தாண்டிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, அதைத் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு காகிதத்தில் அதை வாரி எடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்து அவளை உள்பக்கம் உட்கார வைத்தேன். காட்டோரச் சாலையில் என்ன வந்தாலும் முதலில் என்மேல் விழட்டும் என்று.

என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒங்க மெஷின் வாயில போட எம்பொண்ணுதான் கெடச்சாளா?"

அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிடும்படி மேலதிகாரியிடம் கெஞ்சினேன். நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்: பிரதிகள் மற்ற மாநிலங்களுக்கும் போய்விட்டன, எல்லோரும் பாராட்டுவதே அந்த இடத்தைத்தான். வேறு வழி தெரியாமல், அதே தோட்டத்துக்குப் படத்தை மறுபடி கொண்டுபோனேன். அந்தக் காட்சி வந்ததும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மைக்கில் சொன்னேன்: இது நடிப்பு, இந்தப் பெண் என் மகள், பேசச் சொன்னவன் நான்.

துணியில் அவள் வாய் அசைந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து வேலையாட்களை மேற்பார்க்கும் வயதான மண்டோர் ஒருவர் எழுந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அன்னிக்கு அந்தப் புள்ள பேசினப்ப நீங்க வாயத் தெறக்கல. இன்னிக்கு அது வாயப் பொத்திட்டு நீங்க பேசுறீங்க. நாங்க எத நம்புறது தம்பி?"

மைக்கை அணைத்துவிட்டேன். எல்லாப் படத்துக்கும் பதில் வைத்திருந்தவன் நான்.

மாதங்கள் போயின. மகள் வீட்டில் அதிகம் பேசவில்லை. பாசாரில் மீன் விலை கேட்பதற்குக்கூட அம்மாவைத்தான் முன்னால் விடுவாள். தன் குரலைக் கேட்டு யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். நானோ வாரத்தில் பாதி நாள் ஏதோ ஒரு திடலில் அதே குரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். படம் இன்னும் எங்கள் பெட்டியில்தான் இருந்தது. காப்பிக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பத்திரிகைகள் கட்டவிழ்க்காமலே கிடந்தன.

பிறகு புக்கிட் ரம்பாய் என்ற வேறு ஊர்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே சைக்கிளில் போய்வரலாம். அடுத்த சுற்றில் எங்கள் வேன் அங்கேயும் போக வேண்டியிருந்தது. வேறு படம் எடுத்துப் போகிறேன், யாருக்கும் தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.

"அதையே கொண்டாங்க" என்றாள். "எப்பயாச்சும் யாராச்சும் காட்டத்தான் போறாங்க. சத்தத்தக் கொறைக்காதீங்க. மைக்க மட்டும் எங்கிட்டக் குடுங்க."

அன்று மாலை அவள் துணிக்கு முன்னால் நின்றாள். நான் சத்தம் கூட்டும் குமிழில் கை வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் இருட்டுகிற ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதிகம் சொல்லவில்லை. இதில் ஒருத்தி காட்டிக்கொடுப்பாள், அவள் நான்தான், அப்பாவுக்குப் புது மெஷின் வந்தது, ஆள் கிடைக்கவில்லை, என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார் என்றாள். கூட்டம் என் பக்கம் திரும்பிச் சிரித்தது. "ஒங்களுக்குக் கேக்கணும்னா அத இப்பவே சொல்லிக் காட்டுறேன்" என்று, படத்தில் வருகிற அதே தாழ்ந்த குரலில், அந்த வரியைச் சொன்னாள். பிறகு படம் ஓடியது. அதே வரி துணியிலிருந்து வந்தபோது பிள்ளைகள் கூடவே சேர்ந்து கத்தினார்கள்.

மறுநாளிலிருந்து அது அங்கே கேலிப் பேச்சாகிவிட்டது. வகுப்பில் யாராவது காப்பியடித்தால் பின்பெஞ்சிலிருந்து "டீச்சர், அந்த வாளியையும் கொஞ்சம் பாருங்க லா" என்று குரல் வருமாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். பல மாதத்துக்குப் பிறகு வீட்டில் அவள் சிரிப்பு கேட்டது. என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் நகர்ந்ததுபோல் இருந்தது.

சிரிப்பு நின்றதும் அவள் கேட்டாள்: "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்கப்பா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. யார் என்று கேட்டுவிட்டேன்.

"வாளி தூக்கிட்டு வந்தவங்க."

விட்டுவிட்டார்கள் என்றும், குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்றும் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை மாதமும் தூங்காமல் கிடந்தேன், தெய்வத்திடம் நின்றேன், மேலதிகாரியிடம் கெஞ்சினேன். எல்லாம் என் பெண்ணுக்காக. அந்தப் பெண்ணின் நாலு பிள்ளைகளை ஒருநாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அவரையும் அந்த வரிசையில் நிறுத்தியது நான்தான்.

"விசாரிக்கிறேன்" என்றேன்.

"நெசமா விசாரிங்க" என்றாள்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்தத் தோட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டினாலும், நடிப்பு என்று சொன்ன கையோடு மைக்கில் கேட்கிறேன்: இதில் வாளி தூக்கி வருகிற அம்மா இந்தப் பக்கம் குடி வந்திருக்கிறாரா, யாராவது பார்த்தீர்களா, நான் அவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் கூட்டம் சிரிக்கிறது. அதையும் படத்தோடு சேர்ந்த பேச்சு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.