மெதுவா குளிர வைங்க

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவேன். நீங்களும் இப்போது அப்படித்தான் சிரிக்கப் போகிறீர்கள், பரவாயில்லை, கேட்டு முடித்த பிறகு சிரியுங்கள்.

எனக்கு அந்தக் கால ரோமானியர்களின் கண்ணாடி மேல் ஒரு பைத்தியம். கரண்டும் தெர்மாமீட்டரும் இல்லாமல், கடல் மணலையும் உவர் உப்பையும் விறகு நெருப்பில் உருக்கி, இரும்புக் குழாயில் எடுத்து வாயால் ஊதி, அவ்வளவு மெல்லிய ஜாடிகளை எப்படிச் செய்தார்கள் என்று நானே செய்து பார்த்துக் கட்டுரை எழுத ஆசை. தேவதானத்தில் எங்கள் தென்னந்தோப்பில் தகரக் கொட்டகை போட்டு உலை கட்டினேன். ஊதுவதற்குச் சேத்தூரிலிருந்து அருளப்பன் அண்ணாச்சி வந்தார். ஆய்வகக் குடுவைகள் ஊதியே முப்பது வருஷம் ஓட்டியவர், நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கும், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன்.

முதல் நாள் சாயங்காலம் "உலையை அணைச்சிருங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அணைக்கிறதுன்னு சொல்லாதீய டீச்சர். குளிர வைன்னு சொல்லுங்க. வெளக்கானாலும் அடுப்பானாலும் அப்படித்தான்."

அதில்தான் வந்தது வம்பு. ஊதிய கண்ணாடியைச் சூடான சாம்பல் நிறைந்த செங்கல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் நெருப்பு இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஆற வைக்க வேண்டும், சட்டென்று ஆறினால் வெடித்துவிடும். அதற்கும் நான் "குளிர வைங்க" என்றுதான் சொல்லிவைத்தேன், அவர் நெருப்பையே அணைத்துவிட்டார், மறுநாள் ஆறு கிண்ணமும் விரிசல். அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். வெறும் "குளிர வைங்க" என்றால் நெருப்பை அணைப்பது, "மெதுவா குளிர வைங்க" என்றால் கண்ணாடியை ஆற்றுவது.

கருத்தரங்குக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் இருமலோடு வந்து இரண்டு நாள் லீவு கேட்டார். "ஒரே ஒரு ஜாடி மட்டும் ஊதிக் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன். அப்படிக் கேட்ட வாய் எனக்கு வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர வேலையாகக் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று பத்துக்கு அவர் நம்பரிலிருந்து போன். "குளிர வச்சிரட்டா டீச்சர்?" அவ்வளவுதான், அலுத்துப்போன குரல். ஜாடி முடிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம், அவசரத்தில் "மெதுவா" என்ற வார்த்தையை விட்டுவிட்டார் என்று நினைத்து, "மெதுவா அண்ணாச்சி, எம்புட்டு மெதுவா முடியுமோ அம்புட்டு மெதுவா" என்றேன். அவருக்கென்று அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொட்டகையில் யாரும் இல்லை. அவர் போன் உலைத் திட்டின் மேல் சூட்டில் வளைந்து செத்துக் கிடந்தது. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. சாம்பல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஜாடி, இளம் பச்சையில், ஒரு கீறல் இல்லாமல்.

பக்கத்துத் தோப்புக்காரர் சொல்லி ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அவர் மனைவி செல்வமேரி அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில பதினோரு மணிக்கு சோறு கொண்டு போனேன் டீச்சர், அன்னைக்கு முதல் உருப்படிய ஊதிக்கிட்டு இருந்தாரு. என் கண்ணு முன்னால குழாயோட சரிஞ்சாரு, கண்ணாடியும் செதறிப் போச்சி. அதுலேருந்து நெனவே இல்ல."

"போன் யார் கையில இருந்துச்சி?"

"போன எவ நெனச்சா? அங்கனயே கெடக்கும். மூணு மணிக்கு மேல நெஞ்சு நின்னுபோச்சின்னாங்க. பொறவு என்னமோ, தானா திரும்பிருச்சி."

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அந்த அழைப்பு என் போனில் இன்னும் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்த ஜாடியை ஊதியது யார் என்றும் எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள் மெஷினில் கிடந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், பார்க்கச் சகிக்காது. டாக்டர்களுக்கே இந்த உயிர் எப்படி நிற்கிறது என்று புரியவில்லை. ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன், டீ குடித்துவிட்டு வைத்த கிளாஸ் மாதிரி வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒன்பதாம் நாள் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் எந்த வார்த்தையையும் விட்டுவிடவில்லை. அவர் கேட்டது ஜாடியைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றி.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா காபி வாங்கப் போயிருந்தார். படுத்திருந்தவர் காதில் குனிந்து, "அண்ணாச்சி, குளிர வச்சிருங்க" என்றேன். அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லவில்லை. அக்கா திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தொட்டேன், ஜாடி சில்லென்று இருந்தது. அவரை நல்லபடியாக அனுப்பிவைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அடக்கம் முடிந்து வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போறதுக்கு முந்தின நாளு ராத்திரி கண்ணு முழிச்சாரு டீச்சர். என் வெரல இறுக்கிப் புடிச்சாரு. பொழச்சிருவாருன்னு நெனச்சேன்." நான் கையை உருவிக்கொண்டேன். கருத்தரங்கு அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது, நான் போகவில்லை.

ஏழு மாதம் அந்த ஜாடி என் பீரோவில் குளிர்ந்துதான் கிடந்தது. போன வாரம் அக்கா வந்து, அண்ணாச்சி கடைசியாகச் செய்தது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நேற்று அக்காவிடமிருந்து போன்.

"டீச்சர், இந்த ஜாடி எதுக்கு எந்நேரமும் சூடாவே இருக்கு? குளிர வைக்கணுமா?"

பொறவு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் இன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், இந்தத் தடவை எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியாமல் நான் எடுக்கவில்லை.