வீட்டுக்காரரின் இன்னொரு சாவி

தஞ்சாவூரில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டுக்கு ஒரே வாசல், ஒரே கதவு. அந்தக் கதவில் பதித்திருந்த பூட்டு என் உயிரை வாங்கியது. சாவி போட்டால் திரும்பாது. திரும்பினால் வெளியே வராது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். எறும்பு வந்ததுதான் மிச்சம்.

"புதுப் பூட்டு போடுங்க, இல்லேன்னா நானே போட்டுக்கறேன்" என்று எதிர்வீட்டிலிருந்த வீட்டுக்காரரிடம் சொல்லாத நாளில்லை. "பாக்கலாம் டீச்சர்" என்பார். நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். குத்தகைக்கு உழுபவர்களின் பேரைப் பதியக் கழக ஆட்சி சட்டம் கொண்டுவந்திருந்த சமயம். அவர் நிலத்தை உழுதவர் தன் பேரைப் பதிந்துகொண்டுவிட்டார். சூடுகண்ட பூனைக்கு அடுப்பெல்லாம் பயம். குடியிருப்பவள் சொந்தப் பூட்டு போட்டால் வீடும் கைவிட்டுப் போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் மாதாமாதம் முதல் தேதி காலையில் வந்து, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் என் கதவை வெளியிலிருந்து பூட்டுவார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறப்பார்.

"வீடு நம்ம சுவாதீனத்துல இருக்கணும் பாருங்க. தப்பா நெனைக்காதீங்க."

வேறென்ன நினைப்பதாம்? உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வாய் திறக்க முடியாது. ஏனென்றால் என் அப்பாவும் குத்தகைக்காரர்தான். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மிராசுதார் நிலத்தைத் தலைமுறையாக உழுகிற குடும்பம் எங்களுடையது. அது தெரிந்தால் வீடு போய்விடும். "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டு எத்தனை தெருவில் இல்லை என்றார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்பாவின் மனு தாலுகா ஆபீஸில் விசாரணைக்கு வந்தது. பாழாய்ப்போன முதல் தேதியில்தான். மிராசுதார் வக்கீலோடு வருவார். அப்பாவுக்கு நான்தான் துணை. மிராசுதாரைக் கண்டால் அப்பாவின் கை தானாகக் கட்டிக்கொள்ளும். நான் இல்லையென்றால் "ஐயா சொல்றபடியே ஆகட்டும்" என்று நிலத்தை விட்டுவிட்டு வந்துவிடுவார்.

நான் கிளம்பி நின்ற நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து பூட்டினார். திறக்கும்போது சாவி முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. உள்பக்கத்திலிருந்து என் சாவியும் நுழையவில்லை.

"பதறாதீங்க டீச்சர்," என்று ஜன்னலில் முகம் காட்டினார்.

"ஒடைச்சிடுங்க சார். எனக்கு நேரமாச்சு."

"அந்தக் காலத்துத் தேக்குங்க இது!"

கம்பி கொண்டுவந்து குடைந்தார். கம்பியும் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து பார்த்த அப்பா என்னைத் தேடி வந்துவிட்டார். வீட்டுக்காரருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. இரண்டு பேரும் குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தார்கள்.

"ஒருத்தனுக்கு எரக்கப்பட்டு நெலத்தக் குடுத்தேன் பெரியவரே. பேரைப் பதிஞ்சுக்கிட்டான்."

"காலம் அப்படிங்க," என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் வீட்டுக்காரர் மனமிரங்கிக் கடப்பாரை கொண்டுவந்தார். கதவிடுக்கில் நுனியை வைத்தவர் பேசாமல் நெம்பியிருக்கலாம். "அப்படி என்னங்க அவசரம்?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவும் பேசாமல் இருந்திருக்கலாம்.

"தாலுகா ஆபீசுக்குங்க. நான் உழுவுற நெலத்துக்குப் பேர் பதியணும்."

கடப்பாரை கீழே இறங்கியது. "கதவை ஒடைக்க வேணாம். ஆசாரி வரட்டும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

"ஏம்ப்பா, கதவு தெறக்கற வரைக்கும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?"

"கேட்டாரே பாப்பா. பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப நீங்களே ஒடைங்க."

"அடுத்தவங்க கதவும்மா. நீ இரு, நான் போயி அவங்க சொல்றதக் கேட்டுட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு நடந்தார். கேட்டுவிட்டு வருவதா? இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தார்!

அம்மிக்குழவியைத் தூக்கினேன். பூட்டின் பெட்டியை உட்புறம்தான் அறைந்திருந்தார்கள். அதன் தலையிலேயே போட்டேன், மறுபடியும் போட்டேன். பூட்டும் ஆணியும் தேக்கில் ஒரு சிராயுமாகக் கீழே விழுந்தன. கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடித் தெருமுனையில் அப்பாவைப் பிடித்தேன்.

"வீடு போச்சே பாப்பா," என்றார்.

"போகட்டும். நடங்க."

ஆபீஸில் வக்கீல் பேசப் பேச அப்பாவின் கை கட்டிக்கொள்ளப் பார்த்தது. ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன். "நெலத்தை யார் உழுவுறது?" என்று அதிகாரி கேட்டார். அப்பா மிராசுதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார்.

பேரைப் பதியச் சொல்லி உத்தரவானது.

சாயங்காலம் திரும்பி வந்தோம். என் பெட்டியும் பாத்திரங்களும் வாசற்படியில் கிடந்தன. குழவியைக்கூட விடவில்லை. கதவில் ஒட்டுப்பலகை வைத்து, புத்தம் புதுப் பூட்டு போட்டிருந்தது. எத்தனை மாதமாய்க் கேட்டேன்! அரை நாளில் போட்டுவிட்டார்.

அப்பா கிட்டே போய்க் கதவை லேசாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்ல பூட்டும்மா," என்றார்.